பனங்களியின் கசப்பும் ஆக்கவுரிமை ஆவணங்களும்: ஒரு தொழில்நுட்பத்தின் போக்கைத் தேடி அறிதல்

வடமராட்சியில் பனங்களியைப் பதப்படுத்திப் போத்தலில் அடைக்கும் சிறு தொழிலொன்றைத் தொடங்கியிருக்கும் நீங்கள் இரண்டு கேள்விகளை எழுப்பியிருக்கிறீர்கள். களியின் கசப்பை நீக்கும் தொழில்நுட்பம் உலகில் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை ஆக்கவுரிமை (பேட்டன்ட்) ஆவணங்களைத் தேடி அறிய முடியுமா என்பது ஒன்று. கூகிள் பேட்டன்ட்ஸ் தளத்தில் ‘பல்மைரா’ என்று இட்டுத் தேடியும் உருப்படியாக எதுவும் அகப்படவில்லை, அப்படியானால் இத்துறையில் எவரும் எதுவும் செய்யவில்லை என்று கொள்ளலாமா என்பது மற்றது. இரண்டாவதற்கு விடை எளிது: அப்படிக் கொள்ளக் கூடாது. நீங்கள் தேடியது பொருளின் பெயரை. தேடியிருக்க வேண்டியது பொருளின் சிக்கலை. முதற் கேள்விக்கான விடையும் பெரும்பாலும் இதற்குள்ளேயே அடங்கியிருப்பதால், உங்கள் பனங்களியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

பெயரை வைத்துத் தேடும்போது என்ன நேர்கிறது என்று முதலில் பாருங்கள். பல்மைரா என்பது சிரியாவின் பழைய நகரமொன்றின் பெயர். ஐக்கிய அமெரிக்காவிலும் அப்பெயரில் ஊர்கள் உள்ளன. முழுப் பாடத்திலும் தேடும் தளம், பாடத்தில் வந்திருந்தால் கண்டுபிடிப்பாளர் குடியிருக்கும் ஊரின் பெயரையும் சேர்த்தே தேடுவதால், பனைக்கும் அவருடைய கண்டுபிடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத ஆவணங்கள் முன்னால் வந்து நிற்கும். மறுபுறம், பனையைப் பற்றிய ஆவணங்களோ வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். ஆங்கிலத்தில் அதனை ‘டொடி பாம்’ என்றும் ‘சுகர் பாம்’ என்றும் எழுதுவார்கள். இரண்டாவது பெயர் வேறொரு மரத்துக்கும் வழங்குவது இன்னொரு தொல்லை. இந்தோனேசியர் ‘லொந்தார்’ என்பார்கள், தாய்லாந்தினர் ‘தான் தனோட்’ என்பார்கள், சீன ஆவணங்களில் ‘தாங்சொங்’ என்று வரும். ஆகையால் பெயரால் தேடத்தான் வேண்டுமென்றால் ‘பொராசஸ்’ என்ற தாவரவியற் பெயரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனைப் பல மொழியினரும் இலத்தீன் எழுத்தில் அப்படியே எழுதுகிறார்கள்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். இங்கே ஆக்கவுரிமைத் தளத்தை மூடிவைத்துவிட்டு ஆய்வுக் கட்டுரைகளிடம் போக வேண்டும். எந்தத் துறையாயினும் முதலில் ஆய்வு இலக்கியம், அடுத்து ஆக்கவுரிமை, மீண்டும் ஆய்வு இலக்கியம் என்று மாறி மாறிப் போவதே பயன் தரும் முறை என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் ஆக்கவுரிமை ஆவணங்கள் தமது பொருளை இயன்றவரை பொதுவான சொற்களால் மறைத்து எழுதப்படுகின்றன. கட்டுரைகளோ பொருளை அதன் சரியான பெயரால் அழைக்கின்றன. பனங்களியின் கசப்புக்குக் காரணம் ஃபிளாபெல்லிஃபெரின் எனப்படும் சபோனின் வகைச் சேர்மங்கள் என்பதைக் கட்டுரைகளிலிருந்தே அறிகிறோம். 1990களில் ஈ. ஆர். யான்ஸ் முதலான இலங்கை ஆய்வாளர்கள், யாழ்ப்பாணத்து ஆய்வாளர்களும் உடனிருக்க, இந்தக் கசப்பை ஆராய்ந்து, நரிஞ்சினேஸ் என்ற நொதியத்தைக் கொண்டு அதனை நீக்கலாம் என்று காட்டினார்கள். ஃபிளாபெல்லிஃபெரின் ஒரு ஸ்டெரொயிட் உடலில் வெல்ல மூலக்கூறுகள் தொடராக இணைந்த அமைப்பு. அந்த வெல்லங்களை நொதியம் வெட்டிவிடும்போது கசப்பு அடங்குகிறது.

தேடலின் திறவுகோல் இந்த ஒரு செய்திதான். நரிஞ்சினேஸ் பனைக்காக உருவான நொதியம் அன்று. பம்பளிமாசின் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் பழச்சாற்றில் கசப்பைத் தரும் நரிஞ்சின் என்ற சேர்மத்தை உடைப்பதற்காக 1950களிலிருந்தே ஆராயப்பட்டு வந்த நொதியம் அது. எனவே உங்கள் சிக்கலைப் பல பத்தாண்டுகளாக வேறொரு பழத்தின் பெயரால் பெரும் பொருட்செலவில் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். சோவியத் கடற்படையின் ஆக்கவுரிமைப் பிரிவில் பணியாற்றிய கென்ரிக் அல்ற்ஷுல்லர் 1946 அளவில் ஆயிரக்கணக்கான ஆவணங்களை ஒப்பிட்டுப் படிக்கத் தொடங்கியபோது கண்டதும் இதையே: ஒரு துறையார் புதிதென்று எண்ணித் திண்டாடும் சிக்கலுக்கு வேறொரு துறையில் ஏற்கெனவே தீர்வு இருக்கிறது. அவர் அதிலிருந்து, கண்டுபிடிப்புச் சிக்கல்களைத் தீர்ப்பதற்கான ‘டிரிஸ்’ என்ற முழு முறையையே வகுத்தார். நமக்கு அந்த முதல் அவதானிப்பே போதுமானது.

சிக்கலால் தேடுவதற்குரிய கருவி வகைப்பாட்டுக் குறியீடு. ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகமும் ஐக்கிய அமெரிக்க அலுவலகமும் சேர்ந்து உருவாக்கி 2013 சனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சிபிசி என்னும் கூட்டு வகைப்பாட்டில் சுமார் இரண்டரை இலட்சம் பிரிவுகள் உள்ளன. ஆவணம் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், அதன் ஆசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், அதைப் படித்த பரிசோதகர் ஒரு குறியீட்டை இட்டிருப்பார். உணவிலிருந்து வேண்டாத பொருளை நீக்குதல் என்பது ஏ23எல் 5/20. அதற்குள் நொதியத்தால் நீக்குதல் 5/25 என்றும், இரசாயன முறையாலோ உறிஞ்சிப் பிடித்தலாலோ நீக்குதல் 5/27 என்றும், நுண்ணுயிர்களால் நீக்குதல் 5/28 என்றும் பிரிந்திருக்கின்றன. கசப்பை நீக்காமல் நாவுக்குத் தெரியாதபடி அடக்கும் சேர்க்கைப் பொருள்கள் ஏ23எல் 27/86 இல் உள்ளன. ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் இக்குறியீடுகளை இட்டு, கசப்பு, சபோனின், கிளைக்கோசைட் (வெல்லம் இணைந்த சேர்மம்) ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களில் ஒன்றைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். வெறுங்கையோடு திரும்பிய அதே தேடல் இப்போது ஒரு துறை முழுவதையும் உங்கள் முன் விரித்துவைக்கும்.

அப்படி விரிந்ததைப் படிக்கும்போது மூன்று வழிகள் பிரிந்து செல்வதைக் காண்பீர்கள். ஒன்று நொதிய வழி. இதன் அடிப்படை முறை மிகப் பழையது. அண்மைக்கால ஆவணங்கள் நொதியத்தை ஒரு தாங்கியில் நிலைநிறுத்தி மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது, மரபணு மாற்றிய நுண்ணுயிரில் அதனை மலிவாக உற்பத்தி செய்வது, வெப்பத்தைத் தாங்கச் செய்வது ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. இரண்டாவது உறிஞ்சிப் பிடிக்கும் வழி. தோடம்பழச் சாற்றின் லிமொனின் கசப்பை ரெசின் நிரப்பிய குழாய்வழிச் செலுத்தி நீக்கும் முறை 1980களில் கலிபோர்னியாவில் தொழிலளவில் புகுந்தது. இது உங்களுக்கு ஒத்துவராது என்றே எண்ணுகிறேன்; தெளிந்த சாற்றுக்காக வகுக்கப்பட்ட முறை அது, பனங்களியோ நாரும் பெக்டினும் செறிந்த தடித்த கூழ், ரெசின் படுக்கையை விரைவில் அடைத்துவிடும். வடித்துத் தெளியவைத்த பானம் செய்வதாயின் கதை வேறு.

மூன்றாவது, கசப்பை நாவுக்குத் தெரியாதபடி அடக்கும் வழி. இதன் வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு போக்கு எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இத்துறையில் இல்லை. 2000 ஆம் ஆண்டில் சார்ல்ஸ் சூக்கர், நிக்கலஸ் றைபா ஆகியோரின் குழுவும், தனியாக லிண்டா பக்கின் குழுவும், நாவில் கசப்பை உணரும் ஏற்பிகளின் குடும்பத்தைக் கண்டறிந்து வெளியிட்டன. மனிதரிடத்தில் இவை சுமார் 25 வகை. இது தூய உயிரியல் ஆய்வு.  ஆனால் அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் செனோமிக்ஸ், லிங்குவாஜென் போன்ற நிறுவனங்கள், அந்த ஏற்பிகளை ஆய்வுகூடத்தில் வைத்துக் கசப்பை அடக்கும் சேர்மங்களைச் சல்லடையிட்டுத் தேடும் முறைகளுக்கும், அவ்வாறு அகப்பட்ட சேர்மங்களுக்கும் ஆக்கவுரிமை கோரத் தொடங்கின. செனோமிக்ஸை 2018 இல் சுவிற்சர்லாந்தின் ஃபெர்மெனிக் என்ற பெரும் நறுமண நிறுவனம் வாங்கிக்கொண்டது. முதலில் பல்கலைக்கழகக் கட்டுரை, அடுத்துச் சிறு நிறுவனங்களின் விண்ணப்பங்கள், அதற்கும் அடுத்துப் பெரு நிறுவனம் அவற்றை வாங்குதல் என்ற இந்த வரிசையைத் தொழில்நுட்ப வரலாற்றில் பல இடங்களில் காணலாம். கட்டுரைகளை மட்டும் படித்தவருக்கு 2000 மட்டுமே தெரியும். ஆக்கவுரிமைகளை மட்டும் படித்தவருக்கு அந்த விண்ணப்பங்கள் எங்கிருந்து முளைத்தன என்பது தெரியாது.

சட்டமும் ஒழுங்குவிதிகளும் போக்கை உந்துவதையும் கவனியுங்கள். ஸ்டீவியா இலையின் இனிப்புச் சேர்மங்களும் கிளைக்கோசைட்டுகளே. அவற்றுக்கும் நாவில் தங்கும் ஒரு பின்கசப்பு உண்டு. அவற்றுள் ஒன்றான, தூய்மைப்படுத்திய ரெபோடியோசைட் ஏ உணவில் பயன்படுவதற்கு ஆட்சேபம் இல்லை என்று ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008 டிசெம்பரில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் இசைவளித்தது. அந்த ஆண்டுகளை ஒட்டி ஸ்டீவியாவின் பின்கசப்பைக் குறைக்கும் முறைகளுக்கான விண்ணப்பங்கள் பெருகியதைத் தேடலில் நீங்களே காணலாம். அவற்றுட் சில, வெல்லத்தை வெட்டுவதற்குப் பதிலாக நொதியத்தால் மேலும் வெல்லத்தைச் சேர்த்துச் சுவையை மாற்றுகின்றன. ஃபிளாபெல்லிஃபெரினிலும் இது எடுபடுமா என்பது யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் கையிலெடுக்கத் தக்க ஆய்வுப் பொருள்.

இப்போது எண்ணிப் பார்க்கும் வேலை. போக்கு என்றால் வரைபு ஒன்று வரைய வேண்டும் என்று பலரும் உடனே எக்செலைத் திறந்து, ஆண்டுக்கு எத்தனை ஆவணம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கை பல வகைகளில் ஏமாற்றும். ஒரே கண்டுபிடிப்புக்குப் பத்து நாடுகளில் விண்ணப்பித்தால் பத்து ஆவணங்கள் உருவாகும். விண்ணப்பமாக ஒரு முறையும் வழங்கப்பட்ட உரிமையாக மறுமுறையும் வெளியாகும். ஆகையால் ஆவணங்களை எண்ணாமல், ஒரே முன்னுரிமையிலிருந்து, அதாவது ஒரே முதல் விண்ணப்பத்திலிருந்து, கிளைத்த ஆவணங்களைச் சேர்த்துக் ‘குடும்பம்’ என்ற அலகால் எண்ணுங்கள். ஆண்டாகக் கொள்ள வேண்டியது வெளியீட்டு ஆண்டையன்று, முன்னுரிமை ஆண்டை. கண்டுபிடிப்பு நிகழ்ந்த காலத்துக்கு அண்மையில் நிற்பது அதுவே. விண்ணப்பங்கள் பொதுவாக முன்னுரிமைத் திகதியிலிருந்து 18 மாதங்கள் கழித்தே வெளியிடப்படுகின்றன என்பதால், உங்கள் வரைபின் இறுதி இரண்டு ஆண்டுகள் எப்போதும் சரிந்தே காணப்படும். ஆர்வம் குறைந்ததாக அதற்குப் பொருளில்லை. அந்த இரண்டு ஆண்டுகளைப் புள்ளிக்கோட்டால் வரைவதோ வரையாமல் விடுவதோ நேர்மையானது.

சீனாவின் எண்ணிக்கையைத் தனியாகப் பிரித்து வைக்கவும் வேண்டும். 2022 இல் உலகெங்கும் தாக்கலான ஏறத்தாழ 34.6 இலட்சம் விண்ணப்பங்களில் சுமார் 16 இலட்சம் சீன அலுவலகத்தில் தாக்கலானவை. இவற்றுள் பெரும் பகுதி சீனாவுக்கு வெளியே செல்வதில்லை. விண்ணப்பங்களுக்கு அங்கு அரச மானியங்கள் நெடுங்காலம் வழங்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். 2025 அளவில் அவற்றை முற்றாக நிறுத்துவதாக அந்நாட்டு அலுவலகம் 2021 இல் அறிவித்தது. அதற்காகச் சீன ஆவணங்களை ஒதுக்கிவிடாதீர்கள், உணவு பதப்படுத்தலில் அவற்றில் அரிய செய்முறைகள் உள்ளன. ஆனால் தொழிலுலகம் எதில் பணத்தை இறக்குகிறது என்று அறிய விரும்பினால், இரண்டோ அதற்கு மேற்பட்டோ அலுவலகங்களில் தாக்கலான குடும்பங்களை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் விண்ணப்பிக்க மொழிபெயர்ப்புக்கும் முகவருக்கும் செலவாகிறது. அச்செலவை ஏற்பவர் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ஏதோ எதிர்பார்க்கிறார். ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தாமல் கைவிட்டவற்றையும் எஸ்பாஸ்நெட்டின் சட்டநிலைப் பகுதியில் பாருங்கள். ஒரு வழியில் விண்ணப்பங்கள் பெருகிக்கொண்டிருக்கும்போதே பழைய உரிமைகள் வரிசையாகக் கைவிடப்படுமானால், அந்த வழி சந்தையில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று ஐயுற இடமுண்டு. எண்ணிக்கை வரைபைவிட இந்தக் கைவிடல் பட்டியல் எனக்குப் பல தடவை அதிகம் சொல்லியிருக்கிறது.

எண்ணி முடித்தபின், முக்கியமெனத் தோன்றும் இருபது முப்பது ஆவணங்களையாவது முழுமையாகப் படிக்க வேண்டும். முதற் பக்கத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் இருக்கும். எந்த நாட்டு ஆவணத்திலும் அந்த எண் மாறாது. 54 என்பது தலைப்பு, 71 விண்ணப்பதாரர், 72 கண்டுபிடிப்பாளர், 30 முன்னுரிமை, 56 மேற்கோள்கள். எழுத்துத் தெரியாத யப்பானிய ஆவணத்தைக்கூட இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு படித்துவிடலாம். பின்னால் வரும் உரிமைகோரல்கள் சட்டத்துக்கானவை. உங்களுக்கு உடனே பயன்படுவது விவரணமும் அதிலுள்ள எடுத்துக்காட்டுகளும். எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம், எந்தப் பீஎச், எவ்வளவு நொதியம் என்பவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஐக்கிய அமெரிக்க ஆவணங்களைப் படிக்கையில் எடுத்துக்காட்டு எந்தக் காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். உண்மையில் செய்து பார்த்த சோதனையை இறந்தகாலத்தில் எழுதுவர். செய்யாமல் இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து எழுதும் எடுத்துக்காட்டை இறந்தகாலத்தில் எழுதக் கூடாது என்பது அங்குள்ள நடைமுறை. ‘சேர்க்கப்பட்டது, சூடாக்கப்பட்டது’ என்றிருப்பதை நம்பிக் களியை அடுப்பில் வையுங்கள். ‘சேர்க்கப்படுகிறது’ என்றிருந்தால் முதலில் சிறிதளவில் சோதித்துப் பாருங்கள்.

ஐரோப்பிய விண்ணப்பங்களோடும் உலக புலமைச் சொத்து நிறுவனம் வெளியிடும் பன்னாட்டு விண்ணப்பங்களோடும் வரும் தேடல் அறிக்கை இன்னுமொரு புதையல். பரிசோதகர், அந்தக் கண்டுபிடிப்புக்கு முந்தைய ஆவணங்களையும் கட்டுரைகளையும் தேடியெடுத்து, தனியாகவே புதுமையையோ எளிதில் ஊகிக்க முடியாத தன்மையையோ கெடுக்கும் ஆவணத்துக்கு எக்ஸ் என்றும், இன்னொன்றோடு சேர்ந்து அந்த ஊகிக்க முடியாத தன்மையைக் கெடுப்பதற்கு வை என்றும், பின்னணிக்கு மட்டும் உரியதற்கு ஏ என்றும் குறியிட்டிருப்பார். பயிற்சி பெற்ற ஒருவர் உங்களுக்காக இலவசமாகச் செய்துவைத்த இலக்கிய மீளாய்வு இது. எக்ஸ் குறியிட்ட ஆவணங்களைப் பின்தொடர்ந்தால் இரண்டொரு தாவலில் துறையின் மூலத்துக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆக்கவுரிமைகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் லென்ஸ் தளத்தில், ஒரு கட்டுரையை எந்த ஆக்கவுரிமைகள் மேற்கோள் காட்டியுள்ளன என்று எதிர்த்திசையிலும் தேடலாம். ஃபிளாபெல்லிஃபெரின் பற்றிய இலங்கைக் கட்டுரைகளை அங்கே இட்டு, அவற்றை யார் கையாண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இவ்வாறு கண்டெடுத்த முறையை நீங்கள் பயன்படுத்தலாமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்கவுரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. இலங்கையில் அது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. காலம் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள். குடும்பத்தில் இலங்கை உறுப்பினர் இல்லையென்றால் அந்த முறையை இங்கு பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. எனினும் இலங்கை, பிசிடி எனப்படும் ஆக்கவுரிமை ஒத்துழைப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் உறுப்பு நாடு என்பதால், புதிதாக வெளியான பன்னாட்டு விண்ணப்பம் ஒன்று முன்னுரிமைத் திகதியிலிருந்து 30 மாதங்கள் வரை இங்கும் நுழையக் கூடும். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போத்தல்களை அனுப்பும் எண்ணம் இருந்தால் கனடாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் உரிமை பெற்ற செய்முறையால் நேரடியாகக் கிடைத்த பொருளை அங்கு இறக்குமதி செய்வதும் மீறலாகலாம்.

காலாவதியான ஆவணங்களைப் பழையவை என்று எண்ணி இளக்காரமாகப் பார்ப்பவர்களும் உண்டு. கடல்நீரை நன்னீராக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) மென்சவ்வுகளைப் பாருங்கள். சிட்னி லோப்பும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய மென்சவ்வுக்கு 1960 இல் விண்ணப்பித்து 1964 இல் உரிமை பெற்றார்கள். ஜோன் கடோட்டின் மெல்லிய பொலியமைட் படலத்துக்கு 1979 இல் விண்ணப்பிக்கப்பட்டு 1981 இல் உரிமை கிடைத்தது. அந்த உரிமைகள் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும், இன்றைய கடல்நீர் மென்சவ்வுகளின் அடிப்படை கடோட்டின் வேதியியல்தான். நம் தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் நிலையமும் ஆர்.ஓ. முறையில் இயங்குவதே. சிறு தொழில் செய்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த வகையே: செய்து தேறிய, உரிமைக் காலம் முடிந்த, விவரணம் முழுமையாக வெளியாகியுள்ள முறை. உங்கள் விடயத்தில் நொதிய வழியின் பழைய ஆவணங்கள் அத்தகையவை. ஏற்பிகளை அடக்கும் புதிய சேர்மங்களின் பக்கம் நீங்கள் போக வேண்டியதில்லை என்பதே என் துணிபு. அவற்றுட் பலவற்றுக்கு உரிமை இன்னும் உயிரோடிருக்கிறது, போத்தலின் மேல் இயற்கையான பனங்களி என்று எழுத விரும்பும் உங்களுக்கு அவை பொருந்தவும் மாட்டா.

ஆக்கவுரிமைத் தளங்களில் ஒருபோதும் அகப்படாத அறிவும் உண்டு. கசப்பு மரத்துக்கு மரம் வேறுபடுவது, ஆவணி புரட்டாதியில் விழும் பழத்தை எத்தனை நாளுக்குள் பிழிய வேண்டும், களியை உலர்த்திச் செய்யும் பினாட்டைக் காயவிடும்போது சுவை எப்படி மாறுகிறது என்பவையெல்லாம் எந்த நிறுவனமும் உரிமை கோராத செய்திகள். இவற்றுக்குக் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிலையத்துக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேடுகளுக்கும் நேரில் போக வேண்டும். கூகிளில் வராத ஆய்வேடுகள் அலுமாரிகளில் இருக்கின்றன. பினாட்டுப் போடும் முதியவர்களிடமும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேடலின் முடிவில், நொதியத்தைத் தடித்த களியில் மலிவாகக் கலக்கும் முறையொன்றை நீங்களே கண்டுபிடித்துவிட்டதாகத் தோன்றினால், அதைக் கண்காட்சியிலோ முகநூலிலோ மாநாட்டுக் கட்டுரையிலோ வெளியிடுவதற்கு முன் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யுங்கள். ஐரோப்பாவில், விண்ணப்பிக்கும் முன் கண்டுபிடிப்பாளரே வெளியிட்டாலும் பொதுவாகப் புதுமை போய்விட்டதாகவே கொள்வார்கள். இங்கு தாக்கல் செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள், அதே முன்னுரிமையோடு ஏனைய நாடுகளிலும் விண்ணப்பிக்க உங்களுக்கு அவகாசம் இருக்கும்.